ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் மின்கார்கள்: விளம்பரத்தில் 970 கி.மீ., சாலையில் எவ்வளவு?

ஸ்டுட்கார்ட் சேகர்

வணக்கம். பழைய டீசல் காரை மாற்றும் யோசனையில் இருக்கிறேன். வாரநாட்களில் வீடு, அலுவலகம், பிள்ளைகளின் வகுப்பு எல்லாம் சேர்த்து 50 கி.மீ.க்குள் அடங்கிவிடும். அவ்வப்போது மியூனிக், கோடையில் குடும்பத்தோடு இத்தாலி. வீட்டில் சார்ஜ் போட வசதி உண்டு.

லீப்மோட்டார் சி10 காரின் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் மாடலைப் பார்த்து வைத்திருக்கிறேன். 28.4 யூனிட் பேட்டரி (நம் ஊர் கரண்ட் பில் யூனிட்தான்), 50 லிட்டர் பெட்ரோல் டேங்க், 1.5 லிட்டர் எஞ்சின். எஞ்சின் சக்கரத்தைத் திருப்புவதே இல்லை, மின்சாரம் தயாரிப்பதோடு அதன் வேலை முடிந்தது. பேட்டரியில் மட்டும் 145 கி.மீ., மொத்தம் 970 கி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். பெட்ரோல் செலவு 100 கி.மீ.க்கு 0.4 லிட்டராம்! என் டீசல் வண்டி 6 லிட்டர் குடிக்கிறது.

இந்த 0.4 எந்தக் கணக்கு? ஆட்டோபானில் (இங்குள்ள அதிவேக நெடுஞ்சாலை) 130-ல் போனால் உண்மையில் எவ்வளவு தூரம் ஓடும்?

கணக்குப்பிள்ளை

அந்த 0.4-ஐ ஒதுக்கி வைத்துவிடுங்கள் சேகர். அது எந்தக் காரும் சாலையில் குடிக்கும் அளவு அல்ல. டபிள்யூஎல்டிபி என்ற ஐரோப்பிய ஆய்வுகூடச் சோதனையில் பேட்டரியில் ஓடிய பகுதியையும் பெட்ரோலில் ஓடிய பகுதியையும் தனித்தனியாக அளந்துவிட்டு, "வாங்குபவர் இத்தனை சதவீதம் மின்சாரத்தில்தான் ஓட்டுவார்" என்று ஒரு அனுமானத்தை வைத்து இரண்டையும் கலக்கிறார்கள். பேட்டரி பெரிதாக இருந்தால் அந்தச் சதவீதமும் தானாக ஏறிவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட கார்களுக்குப் பூஜ்யத்தை ஒட்டிய எண் வருகிறது.

அனுமானம் தப்பு என்று ஐரோப்பிய ஆணையத்துக்கே தெரிந்துவிட்டது. 2021-ல் பதிவான பிளக்-இன் ஹைபிரிட் (வெளியே சார்ஜ் போடும் வசதியும் பெட்ரோல் எஞ்சினும் சேர்ந்த) கார்களிலிருந்து திரட்டிய தரவை 2024-ல் வெளியிட்டார்கள். சோதனையில் சொன்னதைவிட சராசரியாக மூன்றரை மடங்கு கரியமில வாயு. 2025-ல் புதிய மாடல்களுக்கு அமலுக்கு வந்த விதியில், கலக்கும் கணக்குக்கு அடிப்படையான தூரத்தை 800 கி.மீ.யிலிருந்து 2,200 கி.மீ.க்கு ஏற்றினார்கள், அடுத்த கட்டத்தில் 4,260. காரில் ஒரு ஆணி மாறாமலே சான்றிதழ் எண் மட்டும் கூடும்.

இப்போது உங்கள் கார். 970-ல் 145 போனால் 825 கி.மீ., அதற்கு 50 லிட்டர். அதாவது 100 கி.மீ.க்குச் சுமார் 6 லிட்டர். அந்தச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 46.5 கி.மீ.தான். 131-ஐ ஒரு கணம் தொட்டுவிட்டு இறங்கிவிடும். நீங்கள் 130-லேயே நின்றால் இவ்வளவு பெரிய எஸ்யூவி 100 கி.மீ.க்கு 26, 27 யூனிட் இழுக்கும். பேட்டரி துடைத்துக் காலியாகும்வரை எஞ்சின் காத்திருக்காது, ஆகவே 23, 24 யூனிட்தான் கையில். 85 - 90 கி.மீ.

அதற்கு மேல் பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் வெப்பம் இருக்கிறது. நல்ல எஞ்சினும் ஜெனரேட்டரும் சேர்ந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாக வரும். லிட்டருக்கு 3 யூனிட் என்று வையுங்கள். 27 யூனிட்டுக்கு 9 லிட்டர். டேங்கில் 5 லிட்டரைத் தொடாமல் விட்டால் 500 கி.மீ.

ஆக 130-ல் மொத்தம் 590 பக்கம். 110-ல் ஓட்டினால் 21 யூனிட், 7 லிட்டர், மொத்தம் 750 வரை வரும்.

ஸ்டுட்கார்ட் சேகர்

970 எங்கே, 590 எங்கே! அப்படியென்றால் நெடுஞ்சாலையில் என் டீசலே மேல் என்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை

நெடுஞ்சாலையில் மட்டும் என்றால், ஆமாம், சந்தேகமே இல்லை. பெட்ரோலை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மோட்டாரில் மறுபடி சுழற்சியாக்கும்போது இடையில் பத்திலொரு பங்குக்கு மேல் கழிகிறது. டீசல் எஞ்சின் கியர்பாக்ஸ் வழியாக நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. சீரான வேகத்தில் அதை இது ஜெயிக்க முடியாது.

ரொறன்ரோவான்

சேகர் அண்ணை, நான் வைத்திருப்பது இரண்டாம் தலைமுறை ஷெவ்ரலே வோல்ட். இந்த வகைக்கு அமெரிக்காவில் வழிகாட்டி அதுதான். முதல் வோல்ட் 2010 கடைசியில் வந்தது, 2019-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். என்னுடையதில் 18.4 யூனிட் பற்றரி. ஈபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம்) சொன்னது பற்றரியில் 85 கிலோமீற்றர், பெற்றோலும் சேர்த்து 676.

இந்த எண்கள் எனக்குப் பொய்த்ததில்லை. அமெரிக்க ஆட்கள் ஆய்வுகூடத்தில் கிடைத்த மின்தூரத்தை அப்படியே லேபலில் ஒட்டுவதில்லை, பொதுவாக 0.7 ஆல் பெருக்கிக் குறைத்துவிட்டுத்தான் போடுவார்கள். கோடையில் ஊருக்குள் ஓடினால் 85-ஐத் தாண்டியும் போகும். வின்ரரில் கதை வேறு. ஜனவரியில் ஹீற்றரும் போட்டு ஓடினால் 50, 55 கிலோமீற்றரோடு பற்றரி முடிந்துவிடும். கடுங்குளிரில் பற்றரி நிறைய இருக்கும்போதே எஞ்சின் தானாகத் தொடங்கும், சூட்டுக்காக. முதல் தடவை அது நடந்தபோது மனைவி கார் பழுதாகிவிட்டது என்றே நினைத்தார்.

இன்னொன்று. கணக்குப்பிள்ளை சொன்ன இழப்பை வோல்ட் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறது. பற்றரி முடிந்தபிறகு சில வேகங்களில் எஞ்சினும் சக்கரத்தோடு இணையும். சுத்தமான ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் இல்லை என்று அந்த நாளில் பெரிய சண்டையே நடந்தது. எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. பற்றரி தீர்ந்தபின் 100 கிலோமீற்றருக்கு 5.6 லீற்றர் என்று ஈபிஏ போட்டதை நெடுஞ்சாலையிலும் ஓரளவு கிட்டவே காண்கிறேன், அது போதும்.

மியூனிக் கயல்

பிஎம்டபிள்யூ ஐ3-யின் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் மாடல் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கி இன்னும் ஓட்டுகிறேன். 647 சிசி, இரண்டு சிலிண்டர். பிஎம்டபிள்யூவின் பெரிய ஸ்கூட்டரிலிருந்து எடுத்துப் பின்னால் பொருத்திய எஞ்சின். டேங்க் வெறும் 9 லிட்டர்.

சேகர், எத்தனை கி.மீ. ஓடும் என்று மட்டும் கேட்கிறீர்கள். எஞ்சின் எப்போது ஆரம்பிக்கும், எத்தனை கிலோவாட் தரும் என்பதையும் கேளுங்கள். ஐ3-யில் அது 25 கிலோவாட் அளவுதான். ஐரோப்பாவில் விற்ற காரில் பேட்டரி 75 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் நாமே மெனுவில் போய் எஞ்சினைத் தொடங்கச் சொல்லலாம். நீண்ட பயணத்தில் நான் அப்படித்தான் செய்வேன், மலை வரும்போது பேட்டரியில் பாதி மிச்சம் இருக்கும். அமெரிக்காவில் விற்றதில் அந்த வசதியை மூடிவிட்டார்கள். அங்கே பேட்டரி 6.5 சதவீதத்துக்கு வந்த பிறகுதான் எஞ்சின் உயிர் பெறும். காரணம் கலிபோர்னியா விதி. பெட்ரோலில் ஓடும் தூரம் மின்சாரத்தில் ஓடும் தூரத்தைத் தாண்டக் கூடாது, பேட்டரி தீரும் முன் எஞ்சின் தொடங்கக் கூடாது என்றிருந்தது. அதற்காக டேங்கின் ஒரு பகுதியையே மென்பொருளால் பூட்டினார்கள். 2014 மாடலுக்கு ஈபிஏ எண் மின்சாரத்தில் 72 மைல், மொத்தம் 150 மைல். நெடுஞ்சாலை ஏற்றத்தில் வேகம் சரிகிறது என்று 2016-ல் அங்கே வழக்கே போட்டார்கள்.

கணக்குப்பிள்ளை

கயல் சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். ஐ3 கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

110 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் அதற்கு 19 கிலோவாட் வாக்கில் போதும். 25 தரும் எஞ்சின் தாராளம். 6 சதவீத ஏற்றம் வந்தால், ஒன்றரை டன் எடையைத் தூக்க மட்டும் இன்னொரு 27 வேண்டும். மொத்தம் 46. வருவது 25, செலவாவது 46. சம்பளத்துக்கு மேல் செலவு என்றால் சேமிப்பில் கைவைக்க வேண்டும், அந்தச் சேமிப்புதான் பேட்டரியில் விட்டுவைத்த மிச்சம். அமெரிக்க ஐ3-யில் அந்த 6.5 சதவீதம் என்பது 1.2 யூனிட். மூன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் கார் லாரிக்குப் பின்னால்தான். ஐரோப்பிய ஐ3-யில் பாதி பேட்டரி மிச்சம் வைத்திருந்தால் இதே ஏற்றம் தெரியவே தெரியாது. ஒரே எஞ்சின், ஒரே மோட்டார்!

வோல்ட்டில் மலைக்கு என்று தனி மோட் வைத்ததும் இதற்காகத்தான். ஏற்றம் வருவதற்கு முன்பே அதைப் போட்டுவிட்டால் எஞ்சின் முன்கூட்டியே ஓடி பேட்டரியில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கும்.

கோவை மகேஷ்

அண்ணா, அப்போ நம்ம ஊட்டி மலைக்கு இதெல்லாம் சரிப்படாதா? மேட்டுப்பாளையத்துக்கு வருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டால் கொண்டை ஊசி வளைவில் நிற்க வேண்டியதுதானா?

கணக்குப்பிள்ளை

இல்லை மகேஷ், ஊட்டி பயப்பட வேண்டிய மலையே அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு 2.3 டன் எடையை அவ்வளவு தூக்க 12 யூனிட். 50 கி.மீ. உருளும் செலவு, இழப்பு எல்லாம் சேர்த்தால் 20 யூனிட் என்று வையுங்கள். ஆனால் அந்த வளைவுகளில் ஏறி முடிக்க ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும். சராசரியாக 10 - 13 கிலோவாட்தான். ஐ3-யின் குட்டி எஞ்சினே சமாளிக்கும். பெட்ரோல் மட்டும் 7 லிட்டர் வரை போகும், அந்த 50 கி.மீ.க்கே.

சிக்கல் தருவது வேகமாக ஏறும் மலை. அமெரிக்க ராக்கி மலை நெடுஞ்சாலை, ஜெர்மனியில் காசல் பக்கத்து ஏ7 மாதிரி. உயரம் குறைவாக இருக்கும், ஆனால் 110-ல் ஏறுவோம் இல்லையா?

ஊட்டிக்குப் போனால் வேறு ஒன்றைப் பாருங்கள். மேலேயே பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். இறக்கத்தில் திரும்பி வரும் மின்சாரத்தைப் போட இடம் இருக்காது, பிரேக்கைத்தான் தேய்க்க வேண்டிவரும்.

ஷென்சென் வாசி

சீனாவில் இருந்து ஒரு குரல். இந்த வகையை உயிர்ப்பித்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

லீ ஆட்டோ 2019 கடைசியில் லீ ஒன் காரைக் கொடுக்க ஆரம்பித்தது. 40.5 யூனிட் பேட்டரி, 1.2 லிட்டர் டர்போ. அப்போது "காலாவதியான தொழில்நுட்பம்" என்று பலர் எழுதினார்கள். அப்புறம் 2022-ல் எல்9 வந்தது. 44.5 யூனிட், 65 லிட்டர் டேங்க். இதற்கு நிறுவனமே இரண்டு எண் சொன்னது. சீனச் சோதனை முறையான சிஎல்டிசி படி மின்சாரத்தில் 215, மொத்தம் 1,315 கி.மீ. டபிள்யூஎல்டிசி (மேலே சொன்ன டபிள்யூஎல்டிபி சோதனையின் ஓட்ட முறை) படி 180, மொத்தம் 1,100. ஒரே வண்டியின் மொத்த தூரத்தில் 215 கி.மீ. எங்கே போனது என்றால், சிஎல்டிசி சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 29 கி.மீ.தான். ஷென்சென் மாலை நேர டிராபிக்குக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். 120-ல் குவாங்சோ தாண்டி வடக்கே போகிறவனுக்குப் பொருந்தாது. என்னுடன் வேலை பார்ப்பவரின் எல்9-ஐ நீண்ட பயணங்களில் நானும் ஓட்டுவதுண்டு. 120-ல் பேட்டரியில் 150-ஐத் தொடுவதே பெரிய விஷயம்.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் மொத்த ரேஞ்சைப் பார்ப்பதே இல்லை. பேட்டரி காலியாக இருக்கும்போது 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்றுதான் கேட்பார்கள். அரசு லேபலிலேயே அந்த எண் கட்டாயம்.

பெரும்பாலான வண்டிகளில் மூன்று மோட் இருக்கும்: பேட்டரிக்கு முன்னுரிமை, பெட்ரோலுக்கு முன்னுரிமை, இரண்டும் கலந்தது. ஊருக்குள் முதலாவது, நெடுஞ்சாலை ஏறியதும் இரண்டாவது, ஊர் நெருங்கும்போது மறுபடி முதலாவது. புத்தாண்டு விடுமுறையில் நெடுஞ்சாலை சார்ஜர்களில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் இந்தக் கார்கள் ஏன் விற்கின்றன என்று புரிந்துவிடும்.

இப்போது போக்கு வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. எஞ்சின் சத்தம் யாருக்கும் பிடிக்கவில்லை, அதனால் பேட்டரியைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள். சிஏடிஎல் நிறுவனம் 2024 அக்டோபரில் இந்த வகைக்கென்றே ஒரு பேட்டரியை அறிவித்தது, மின்சாரத்தில் மட்டும் 400 கி.மீ.க்கு மேல் என்று. சிஎல்டிசி கணக்குதான், மேலே சொன்ன கழிவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒஸ்லோ பிரபு

400 கி.மீ. பேட்டரி வைத்த பிறகு எஞ்சின் எதற்கு ஐயா? டேங்க், சைலன்சர், ஆயில் மாற்றம், ரேடியேட்டர் எல்லாவற்றையும் வருடம் முழுக்கச் சுமந்து திரிய வேண்டும், இத்தாலிக்குப் போகும் அந்தச் சில நாட்களுக்காக. நார்வேயில் 2024-ல் விற்ற புதிய கார்களில் 89 சதவீதம் முழு மின்கார். இங்கே குளிர் இல்லையா, மலை இல்லையா? சேகர், ஸ்டுட்கார்ட்டிலிருந்து மியூனிக் 230 கி.மீ. சாதாரண மின்காரே ஒரே மூச்சில் போகும்.

ரொறன்ரோவான்

பிரபு, உங்கள் ஊரில் சார்ஜர் இல்லாத சந்தி உண்டோ? வட ஒன்ராறியோவுக்கு ஒருமுறை வந்து பாருங்கள். என்னுடைய வோல்ட்டில் பெற்றோல் பழசாகிப் போகிறது என்று கார் தானே எஞ்சினை ஓட்டி எரிக்கும். அவ்வளவு குறைவாகத்தான் நான் பெற்றோல் பாவிக்கிறேன். ஆனால் அந்த எஞ்சின் இருப்பதால்தான் வீட்டில் இரண்டாவது கார் இல்லை.

கணக்குப்பிள்ளை

பிரபு கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஆளைப் பொறுத்துத்தான் பதில். இரண்டு தரவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் ஐடஹோ ஆய்வகம் 2010-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான மின்கார்களைக் கண்காணித்தது. முதல் தலைமுறை வோல்ட், பேட்டரியில் 60 கி.மீ. வாக்கில்தான் ஓடும் கார், தன் மொத்த ஓட்டத்தில் நான்கில் மூன்று பங்கை மின்சாரத்தில் ஓடியிருந்தது. அதே ஆய்வில் இருந்த நிசான் லீஃப் முழு மின்கார், அதன் ரேஞ்ச் வோல்ட்டின் மின்தூரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனாலும் வருடத்துக்கு ஓடிய மின்கிலோமீட்டரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். லீஃப்காரர்கள் தூரத்துக்கு அதை எடுக்கவே இல்லை.

இந்தப் பக்கம், ஃபிரான்ஹோஃபர், ஐசிசிடி என்ற இரண்டு ஆய்வு அமைப்புகள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில் ஐரோப்பிய பிளக்-இன் கார்கள்: சொந்தக் காசில் வாங்கியவர்கள் 100 கி.மீ.க்கு 4 - 4.4 லிட்டர், கம்பெனி கொடுத்த கார் ஓட்டியவர்கள் 7.6 - 8.4. பெட்ரோல் கார்டு இலவசம் என்றால் சார்ஜர் வயரை யார் எடுக்கப் போகிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த வயரைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே காரைத் திருப்பிக் கொடுத்தார்.

எடை இழுப்பவர்களுக்கும் இது வேறு கணக்கு. ராம் நிறுவனம் 2023-ல் அறிவித்த பிக்கப்பில் 92 யூனிட் பேட்டரியோடு 3.6 லிட்டர் வி6 எஞ்சினும் 130 கிலோவாட் ஜெனரேட்டரும். சொன்ன மொத்த தூரம் 690 மைல். வெளியீடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது வேறு கதை. ஐ3-யின் 25-ஐயும் இந்த 130-ஐயும் ஒப்பிடுங்கள். பின்னால் டிரெய்லர் மாட்டினால் மின்தூரம் பாதியாகும் என்பதால்தான் இவ்வளவு பெரிய ஜெனரேட்டர்.

சேகர் வீட்டில் சார்ஜ் போடுவார், தினம் 50 கி.மீ., சொந்தக் காசு. குளிர்காலத்தில்கூட 145 என்பது 90 ஆனாலும் அலுவலகத்துக்கு எஞ்சின் தேவைப்படாது. வருடத்தில் பெரும்பகுதி அவருடைய பெட்ரோல் செலவு பூஜ்யம், விடுமுறையில் 100 கி.மீ.க்கு 8, 9 லிட்டர். அவர் தலையில் போட வேண்டிய கூட்டல் இதுதான், 970 அல்ல.

ஒஸ்லோ பிரபு

சரி, புள்ளிவிவரத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நானாக இருந்தால் முழு மின்கார்தான் வாங்குவேன். விடுமுறையில் வழியில் அரை மணி நேரம் நின்று காபி குடிப்பதில் எனக்கு நஷ்டம் இல்லை.

ஸ்டுட்கார்ட் சேகர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். 130-ல் பேட்டரி குறைந்த நிலையில், மியூனிக் போகும் ஏ8 ஆட்டோபானில் ஸ்வேபியன் ஆல்ப் மலை ஏற்றம் ஏறினால் ஐ3 மாதிரி தவிக்குமா? அடுத்தது, விளம்பரத்தில் எந்த எண்ணை நம்புவது?

மியூனிக் கயல்

அந்த ஏற்றத்தில் நான் அடிக்கடி போகிறேன். வேக வரம்பு, லாரிக் கூட்டம் எல்லாம் சேர்த்து 100 போனாலே அதிர்ஷ்டம். சில நிமிடங்களில் மேலே வந்துவிடுவீர்கள். ஜெனரேட்டர் 20 கிலோவாட் குறைவாகத் தந்தாலும் மூன்று நிமிடத்துக்கு ஒரே ஒரு யூனிட்தான் பேட்டரியிலிருந்து போகும். உங்கள் காரில் 20 சதவீதம் மிச்சம் இருந்தால் அது ஐந்து யூனிட்டுக்கு மேல். கவலை வேண்டாம். இத்தாலிக்குப் போகும்போது மட்டும், அடுத்து ஆல்ப்ஸ் ஏற்றம் என்பதால், இன்ஸ்ப்ரூக் வருமுன் பேட்டரியைப் பாதிக்கு மேல் வைத்திருங்கள். கூரையில் பெட்டி கட்டினால் 10 - 20 சதவீதம் கூடச் செலவாகும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

விளம்பர எண்ணுக்கு, ஜெர்மனியில் இப்போது பிளக்-இன் கார் விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் "பேட்டரி காலியான நிலையில் எரிபொருள் செலவு" என்று ஒன்று கட்டாயம் போட வேண்டும். 0.4-க்குப் பக்கத்திலேயே இருக்கும். அதை எடுத்து, நெடுஞ்சாலைக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள்.

ஸ்டுட்கார்ட் சேகர்

பார்த்தேன், இருக்கிறது! இத்தனை நாள் கண்ணிலேயே படவில்லை. சனிக்கிழமை டெஸ்ட் டிரைவ் கேட்டிருக்கிறேன்.

ஷென்சென் வாசி

ஷோரூமில் எப்போதும் 90 சதவீதம் சார்ஜ் போட்டுத்தான் நிறுத்தியிருப்பார்கள், எஞ்சின் சத்தமே கேட்காமல் திரும்பி வருவீர்கள். முந்தின நாளே போன் செய்து 25 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் பெட்ரோல் முன்னுரிமை மோடில் போட்டு ஏ8-ல் 130-ல் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். பயண மீட்டரைக் கிளம்பும்போது பூஜ்யமாக்குங்கள். புறப்படும்போதும் திரும்பும்போதும் பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஏறியிருந்தால் பெட்ரோலில் ஒரு பகுதி அங்கே போயிருக்கும், இறங்கியிருந்தால் மீட்டர் காட்டும் லிட்டர் உண்மையைவிடக் குறைவு.

ஸ்டுட்கார்ட் சேகர்

போன் செய்துவிட்டேன். "எதற்கு சார்ஜ் இல்லாத கார் கேட்கிறீர்கள்?" என்று விற்பனையாளர் இரண்டு முறை கேட்டார். ஆனால் தருகிறார்.